சிப்புக்குச் சந்தனம் வைத்த திருவிழா

எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய மெக்கானிக்குகள் கேட்டார்கள். "மாமா, அப்போ சிப்பு புடுங்குதது பெரிய பாடுன்னு சொல்லுவியளே, அத எழுதுங்க" என்றார்கள். பல் டாக்டரிடம் அனுபவம் கேட்பது போல இருந்தது. எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த வேலை ஒழிந்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. நீங்கள் எல்.இ.டி. பலகையின் முதுகில் நகத்தளவு மெமரி கார்டைச் செருகுகிறீர்கள், படம் ஓடுகிறது. நன்றாயிருங்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததே அந்தச் சவத்துச் சிப்பால்தான்.

இரண்டாயிரத்து நாலில் மார்த்தாண்டத்தில் ஒரு லைட் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை சொந்தமாக ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். டேப் ரிக்கார்டரைச் சீண்ட ஆளில்லாமல் போனதும் கடையை மூடினேன். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் ஏணி ஏறிப் பல்பு கட்டப் போனேன். கடையின் பெருமை ஒரு பெரிய பலகை. இரண்டு ஆள் உயரம், வரிசை வரிசையாகச் சின்னப் பல்புகள். பலகைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டு, போர்டின் நடுவில் ஒரு சாக்கெட், சாக்கெட்டில் ஒரு சிப்பு. இருபுறமும் பூரானைப் போலக் கால்கள். மயில் தோகை விரிப்பதும் வேல் சுழல்வதும் அதற்குள் எழுதியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு வேறு சிப்பைச் செருகினால் அதே பலகையில் மாதா குழந்தையோடு நிற்பாள், தலைக்கு மேலே நட்சத்திரம் மின்னும். தர்காவுக்கென்று பிறையும் பூவும் தனியாக இருந்தது. எங்கள் மாவட்டத்தில் திருவிழாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே சிப்பை மாற்றி மாற்றிப் போடுவதுதான் பிழைப்பு.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவசரக் குடுக்கை. குளச்சலில் ஒரு திருவிழாவுக்கு அவரே சிப்பை மாற்றினார், தலைகீழாக. கரண்ட் கொடுத்ததும் ஒரு வாடை வந்தது. "என்ன வேய் மணம்?" என்று சிப்பின் மேல் விரலை வைத்தார். சிப்பின் முதுகில் அச்சடித்திருந்த எழுத்துகள் அவர் விரல் நுனியில் அப்படியே பதிந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் தங்கை லில்லியைக் கடைக்கு வரச் சொன்னார். லில்லி திருவனந்தபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் போர்டு பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவள். ஆட்குறைப்பு செய்ததும் ஊர் திரும்பியிருந்தாள். என்னைவிட வயதில் மிகவும் இளையவள், எனக்கு மேலதிகாரி. நான் "மேடம்" என்பேன், அவள் "அண்ணா" என்பாள். அந்த "அண்ணா" எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு பெரிய தப்பை நான் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். அவள் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. முதலாளி கத்தினால் காதில் வாங்காமல் பீடி பற்றவைப்பேன். இவள் குரல் தாழ்ந்தால் வேர்த்துவிடும்.

சிப்பை எடுக்க உட்காருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி டிபன் டப்பாவில் போடுவாள். என் பாலியெஸ்டர் சட்டையைப் பார்த்து, "அண்ணா, நாளைக்குப் பருத்திச் சட்டை போட்டுட்டு வாங்க" என்றாள். எதற்கு என்று முறைத்தேன். "நம்ம ஒடம்புல ஏறியிருக்க கரண்டு நமக்குத் தெரியாது. சிப்புக்குத் தெரியும், செத்துப்போவும்" என்றாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் வேலை செய்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்பு ஏணியைத் தொட்டால் விரலில் சுள்ளென்று கடிக்கும்.

சுவிட்சை அணைத்தால் அவளுக்குப் போதாது. பிளக்கைப் பிடுங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி பெட்டியின் மேல் வைக்க வேண்டும். திருவிழாப் பந்தலில் சுவிட்சைத் தட்டிப் பார்க்க ஆயிரம் கை உண்டு. கண்டன்சரில் தங்கிய கரண்ட் வடிய, வெற்றிலை போடும் நேரம் சும்மா இருக்க வேண்டும். எர்த் கம்பியைத் தொட வேண்டும். பிறகு சின்னத் தட்டை ஸ்குரூ டிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். சாக்கெட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிடும். இந்தத் தலைப்பை ஒரு நெல்மணி கனம் தூக்கு, அந்தத் தலைப்பை ஒரு நெல்மணி கனம் தூக்கு, மறுபடி இந்தப் பக்கம். ஒரே பக்கமாகத் தூக்கினால் மறுபக்கத்துக் கால்கள் மடங்கும். மடங்கியதை நிமிர்த்தலாம், இன்னொரு தடவை மடங்கினால் ஒடியும். இந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. அவள் வாயிலிருந்து வருவது "பைய... பைய..." என்ற ஒரே சொல்தான்.

செருகும்போது வேறு பாடு. சிப்பின் ஒரு தலைப்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். முதலாளியின் விரலைச் சுட்டது அந்த வெட்டைப் பார்க்காததால்தான். புதுச் சிப்பின் கால்கள் அகன்று நிற்கும், மேசைமேல் ஒரு வரிசையாகப் படுக்கவைத்து இலேசாக அழுத்தி நேராக்க வேண்டும். எல்லாக் கால்களும் துளையின் வாயில் நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்த பிறகே இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அமுக்க வேண்டும். ஒரு கால் அடியில் மடங்கிக்கொண்டாலும் மேலே ஒன்றும் தெரியாது. பலகையில் தெரியும். ஒருமுறை மயிலுக்குத் தலை இருந்தது, தோகை இருந்தது, நடுவில் கழுத்தைக் காணோம்.

இனி அந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். விளை என்று முடியும் ஊர், எங்கள் பக்கத்தில் அப்படி ஏகப்பட்டது உண்டு. முழுப்பெயரைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குப் போன் வரும். ஒரே சாலையில் கூப்பிடு தூரத்தில் ஒரு முருகன் கோயிலும் ஒரு மாதா சர்ச்சும் இருந்தன. சில வருடங்களுக்கு முன்பு ஸ்பீக்கர் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் தகராறு மூண்டு, கல்லெறியில் முடிந்து, போலீஸ் வந்து நின்ற ஊர். தாசில்தார் இரண்டு கமிட்டியையும் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு திருவிழாவுக்கும் ஒரே கடை, ஒரே பலகை, ஒரே அளவு வெளிச்சம் என்று முடிவானது. யார் பலகை பெரிது என்ற பேச்சே வரக்கூடாது அல்லவா? அப்படித்தான் அந்த ஊர் எங்கள் கடைக்கு வந்தது. "நீரு எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்பவர்களிடம், "நான் வயரு பக்கம்" என்பேன்.

அந்த வருடம் முதலில் கோயில் திருவிழா. கமிட்டித் தலைவர் தாணு பிள்ளை, வயலும் தென்னையும் உள்ள பெரியவர், எதையும் தொட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பெட்டியை மூடும்போது வந்து நின்று, "இதுல மயிலு எங்க வே இருக்கு?" என்று கேட்டார். சிப்பைக் காட்டி, "இதுக்குள்ளதான்" என்றேன். "இம்புடுக்குள்ளயா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நான் களியக்காவிளைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டேன். தினமும் விளக்கைப் போட்டு அணைப்பது கோயில் ஆட்கள்தான்.

கோயில் திருவிழா முடிந்தது. பலகையை சர்ச் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். சாயங்காலம் கொடியேற்று. மதியம் சிப்பை மாற்றப் பெட்டியைத் திறந்தேன். சிப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் சந்தனம் மேடு கட்டியிருந்தது, நடுவில் குங்குமம், மேலே வாடிய செத்திப் பூ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தனத்தைச் சுரண்டிவிட்டு ஸ்குரூ டிரைவரை நுழைக்கப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நுனி உள்ளே போகவில்லை. சந்தனம் ஒவ்வொரு துளைக்குள்ளும் இறங்கி, தினமும் பெட்டிச் சூட்டில் வெந்து, சிப்பும் சாக்கெட்டும் ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. லில்லிக்குப் போன் செய்தேன். "தொடாதீங்க அண்ணா, நான் வாறேன்" என்றாள், மிக மெதுவாக.

என் முதுகுக்குப் பின்னால் வின்சென்ட் நின்றிருந்தார். சர்ச் கமிட்டிச் செயலாளர், சவூதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், கல்லெறி நாளில் தலையில் தையல் போட்டவர்.

"வேணுமின்னே செய்திருக்கினும் அண்ணே" என்றார். "நமக்குக் கொடியேறும்ப அவியளுக்க மயிலு ஆடணும். அதுக்குத்தான் எறக்க முடியாம ஒட்டி வச்சிருக்கினும்."

"அப்பிடிச் சொல்லாதிங்க. பக்தியில வச்ச பொட்டு" என்றேன்.

"பொட்டா? எனக்க வீட்டுலயும் சந்தனம் உண்டும். கழுவினா போவும். இது சிமிட்டி மாதிரில்லா இருக்கு!"

அவர் சொன்னதை நாலு பேர் கேட்டார்கள். அந்த நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பலகை இருட்டாகக் கிடந்தாலும் வம்பு, மயில் ஆடினால் அதைவிடப் பெரிய வம்பு. இரண்டிலும் பழி ஒரே மனிதர் தலையில்தான் விழும். அந்த மனிதரே அப்போது வேட்டியை மடித்துக் கட்டியபடி சாலையில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். கோயில்காரர்கள் போகாதே என்று தடுத்திருக்கிறார்கள். கேட்காமல் தனியாக வந்தார்.

"நான் வச்சதுதான். வேற யாருமில்ல, நான்தான்" என்றார் தாணு பிள்ளை. பிறகு என்னைப் பார்த்து, "மயிலு இதுக்குள்ளதான் இருக்குன்னு நீருதானே சொன்னீரு? மயிலு இருக்க எடத்துல ஒரு பொட்டு வைக்காம எப்பிடிவே இருக்க முடியும்?" என்றார்.

வின்சென்ட் விடவில்லை. "பொட்டுன்னா இப்பிடி ஒட்டுமா?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

லில்லி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வளையலைக் கழற்றினாள், பிளக் வெளியே இருக்கிறதா என்று பார்த்தாள், எர்த்தைத் தொட்டாள், உட்கார்ந்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு ஓரத்தில் ஒற்றினாள். கரையவில்லை. முகர்ந்து பார்த்தாள். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மாமா, இது வெறும் சந்தனம் இல்ல. வேற என்ன சேத்தீங்க?"

அவர் வாயைத் திறக்கவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. 'சொல்லித் தொலையுமே' என்று மனதுக்குள் கத்தினேன்.

"மாமா" என்றாள் லில்லி மறுபடியும், இன்னும் மெதுவாக. "என்னன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு எடுக்க முடியும்."

பிள்ளை வின்சென்ட்டைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "தேனு" என்றார்.

"என்னது?"

"தேனு, பிள்ளே. சந்தனம் காஞ்சு காஞ்சு உதுந்து போவுது. மறுநாளு வந்து பாத்தா பொட்டு இல்ல. மனசு கேக்கல. அபிஷேகத்துக்கு வச்சிருந்த தேனுல கொஞ்சம் எடுத்துக் கொழச்சுப் பூசினேன், பூச வைக்குத போத்திக்குத் தெரியாம. சாமிக்க தேன எடுத்துப் பொட்டிக்குப் பூசினேன்னு எங்க ஆளுகளுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவானுவ." வின்சென்ட்டிடம் திரும்பிக் கையைக் கூப்பினார். "வெளிய சொல்லிராத தம்பி."

வின்சென்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சண்டைக்கு என்று ஏற்றிவைத்திருந்த மீசை அப்படியே தொங்கிப்போயிற்று. "தேனா?" என்றார்.

"தேனுன்னா ஸ்பிரிட்டுல எப்பிடிக் கரையும்? வெந்நி வேணும்" என்றாள் லில்லி. "குழாய்த் தண்ணி வேண்டாம். பேட்டரிக்கு ஊத்துத டிஸ்டில் வாட்டர வாங்கிச் சூடாக்குங்க. கை பொறுக்குத சூடு போரும். பிறவு, இஞ்ச யாரு வீட்டுலயாவது முடி ஒணத்துத டிரையர் உண்டா?"

"எனக்க வீட்டுல உண்டும்" என்று வின்சென்ட்டே ஓடினார்.

குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக் குழாயால் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பஞ்சுத் திரியால் ஒற்றி எடுத்தாள். மறுபடி விட்டாள். மஞ்சளாகக் கரைந்து வந்தது. சிப்புக்கு அடியிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்து நிதானமாக நடந்து போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டினாள். "நீங்க எடுங்க அண்ணா. நான் வெந்நி விட்டுத் தாறேன்" என்றாள்.

இந்தத் தலைப்பில் கொடுத்தேன். அசையவில்லை. அந்தத் தலைப்பில் கொடுத்தேன். பொறுத்து, மறுபடி வெந்நீர். மூன்றாவது முறை இலேசாக ஒரு முனகல் கேட்டது, ஒரு நெல்மணி கனம் எழும்பியது. "பைய" என்று குரல் வந்தது. லில்லி அல்ல, பிள்ளை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சிப்பு கையோடு வந்துவிட்டது. ஆனால் ஒரு கால் ஒடிந்து சாக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அது உள்ளே இருக்கும்வரை அந்தத் துளையில் மாதா சிப்பின் கால் இறங்காது. லில்லி இரண்டு தையல் ஊசிகளை வாங்கி, அந்தத் துண்டை இருபுறமும் கவ்விப் பிடித்து, மீன்முள் எடுப்பது போல எடுத்தாள். சாக்கெட்டை வெந்நீரால் கழுவி, ஈரத்தை விரட்ட ஸ்பிரிட்டால் கழுவி, வின்சென்ட் கொண்டுவந்த டிரையரை எட்ட வைத்துச் சூடு காட்டி உலர்த்தினோம். அரை மனதாக உலர்ந்த போர்டுக்குக் கரண்ட் கொடுத்தால் எல்லாம் போகும். ஆகவே போதும் போதும் என்று எல்லோரும் சொன்ன பிறகும் அவள் உலர்த்தினாள்.

மாதா சிப்பை மேசையில் படுக்கவைத்துக் கால்களை நேராக்கினேன். வெட்டைப் பார்த்தேன். குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். கட்டைவிரல்களை வைத்து அமுக்கினேன். 'நறுக்' என்று உட்கார்ந்தது. முழுப் பலகைக்கும் கொடுக்காமல் மேல் வரிசைக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். பட்டப்பகலில் மங்கலாக நட்சத்திரம் மின்னியது.

அப்பாடா! அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் எனக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டுக் கடன் தீர்ந்தது. எதிலும் இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. பெண்டாட்டி இதைப் படித்தால் படித்துக்கொள்ளட்டும். லில்லி வளையல்களை மாட்டிக்கொண்டே வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளை புறப்படப் பார்த்தார். "இருங்க மாமா, வெளிச்சம் வந்தப் பெறவு போலாம்" என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். கூட்டத்தின் கடைசியில் ஒரு தென்னை மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

பொழுது சாய்ந்தது. சர்ச்சுச் சாமியார் கொடியையும் கொடிமரத்தையும் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். மைக் செட்டுக்குத் தெளித்தார். பந்தல் காலுக்குத் தெளித்தார். பிறகு பலகைக்குப் பின்னால் எங்களிடம் வந்தார்.

"படம் எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ளயா இருக்கு? தொறங்க, இதுக்கும் தெளிச்சிருவோம்" என்று கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார்.

லில்லி என் கையை இறுகப் பிடித்தாள். கொடியேற்று நாளில், சர்ச் வாசலில், சாமியாரிடம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் நாக்கு எழவில்லை.

வின்சென்ட் சட்டென்று குறுக்கே வந்து பெட்டியின் மூடிமேல் கையை வைத்தார்.

"அதுக்கு வேண்டாம் சாமி. அத ஏற்கெனவே மந்திரிச்சாச்சு."

"யாரு மந்திரிச்சது?"

வின்சென்ட் திரும்பிக் கூட்டத்துக்கு அப்பால் தென்னை மரத்தடியைப் பார்த்தார். "நம்ம பிள்ளை மாமா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "தினமும் வந்து சந்தனம் வச்சிருக்காரு."

தேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாமியார் செம்பைத் தாழ்த்தினார். கூட்டத்துக்கு மேலாகப் பிள்ளையைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. பிள்ளை தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"போடுங்க அண்ணா" என்றாள் லில்லி.

சுவிட்சைப் போட்டேன்.